கேள்வி நேரம்: அந்தச் சிவப்பை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க சார்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, "கேரம் வளர டிவி தேவையில்லை" என்று ஒற்றை வரியில் பதில் எழுதியிருந்தேன். இடம் போதவில்லை, அவ்வளவுதான். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் படித்தால், ஏதோ நானே நேரில் போய் யாருடைய ஸ்ட்ரைக்கரையோ பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தவன் மாதிரி இருக்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார், கீர்த்தனா மூன்று தங்கம் வாங்கினார். எந்த சேனலாவது அவர்கள் ஆடியதில் ஒரு போர்டையாவது (ஒரு சுற்று ஆட்டத்தையாவது) முழுசாகக் காட்டியதா? டிவியில் வந்தால்தானே ஸ்பான்சர் வருவான், ஸ்பான்சர் வந்தால்தானே விளையாட்டு வளரும்? தேவையில்லை என்று எந்த தைரியத்தில் எழுதினீர்கள்?
— வண்ணாரப்பேட்டை வாசகர்

ப: தைரியம் எல்லாம் இல்லை, அவசரம். "முதலில் தேவைப்படுவது அது இல்லை" என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்றிலும் தங்கம் வாங்கிக்கொண்டு வந்தார் காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அடுத்த வருடமே மாலத்தீவில் காசிமேட்டுக் கீர்த்தனா. இரண்டு முறையும் டிவியில் என்ன பார்த்தோம்? ஏர்போர்ட் மாலை, மேளம், காசோலை, வீட்டு வாசலில் அம்மாவின் கண்ணீர். தங்கம் வாங்கித் தந்த ஷாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை மட்டும் வெட்டிவிட்ட மாதிரி.

ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2008-ல் பிரான்ஸில் உலகச் சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி. அதற்கும் முன்னால் 1991, 1995 என்று இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆகி, 1996-ல் கேரமுக்காக அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம். சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் தொடங்கப்பட்டது நம்ம சென்னையில்தான். இதில் எதற்கு டிவி வந்தது? எதற்கும் வரவில்லை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு கிளப் இருந்தது, மணிக்கு இவ்வளவு என்று போர்டு வாடகை, போர்டுக்கு மேலே தாழத் தொங்கும் ஒரு பல்பு, அண்ணன் ஆடுவதை நின்று பார்க்கும் தம்பி. விளைந்தது அங்கே. அந்தக் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடி அங்கே செல்போன் கடை வந்தபோது ஒருத்தரும் எனக்குக் கடிதம் போடவில்லை, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிவி வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு மாவட்டப் போட்டி, பள்ளிக்கூட ஹாலில் இறுதி ஆட்டம், உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று (பெயர் வேண்டாம்) படம்பிடிக்க வந்தது. வந்தவர் கேமராவை ஆட்டக்காரரின் முகத்துக்கு நேராக நட்டார். கேரமில் முகத்தை வைத்து என்ன செய்வது, ஐந்து தங்கம் வாங்கியவருக்கும் முதல் சுற்றில் தோற்கிறவருக்கும் ஒரே உம்மென்ற முகம்தான். அப்புறம் யாரோ சொல்லி, போர்டைக் காட்டலாம் என்று சாய்த்தார். மேலே தொங்கிய பல்பு, பவுடர் போட்டுத் தேய்த்த பலகையில் பட்டு, திரையில் வெறும் வெள்ளை வட்டமாக விழுந்தது. உடனே இரண்டு பக்கமும் ஃபோகஸ் லைட் ஏற்றினார்கள். இப்போது ஒவ்வொரு காயினுக்கும் மூன்று நிழல், எது காயின் எது நிழல் என்று குனிந்து பார்க்க வேண்டிய நிலைமை. ஆட்டக்காரர் நடுவரைப் பார்த்தார், நடுவர் அமைப்பாளரைப் பார்த்தார், அமைப்பாளர் "டிவிக்காரங்கப்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார்.

மூன்றாவது செட், கடைசி போர்டு. மூலையில் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் காயின்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பை, ஆட்டக்காரர் எதிர்ப் பக்கச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை அடித்துத் திருப்பி, மயிரிழைக் கட்டில் தட்டி இறக்கினார். சிவப்பை உறுதியாக்க அடுத்துப் போட வேண்டிய தன் காயினையும், அதாவது ஃபாலோவும் போட்டார். ஹாலில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அந்த அமைதியில் கேமராக்காரர், "பேட்டரி மாத்திட்டிருந்தேன் சார், அந்தச் சிவப்பை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆடியவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒளிபரப்பானது என்ன என்று கேட்கிறீர்களா? பரிசளிப்பு விழா. ஒரு பிரமுகருக்குச் சால்வை போர்த்துவதும், அவர் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வதும்.

அந்தக் கேமராக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேரமுக்குக் கேமரா நேர் மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், அதை இன்று பையன்கள் ஒரு இரும்புக் கம்பியில் செல்போனைக் கட்டிவைத்தே செய்துவிடுகிறார்கள். பாக்கியுள்ள சிக்கல் வர்ணனை. வீட்டில் நாம் ஆடுவது கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது. போட்டியில் கணக்கே வேறு: நம் காயின் முடியும்போது எதிராளிக்கு மிச்சம் இருக்கிற காயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஃபாலோவோடு எடுத்த சிவப்புக்கு மூன்று, முதலில் 25 எடுத்தவர் அல்லது எட்டு போர்டு முடிவில் முன்னால் இருப்பவர் அந்த செட்டை ஜெயிக்கிறார். எதிரே சுலபமாக ஒரு காயின் கிடக்க, அதை விட்டுவிட்டு எதிராளியின் வழியை அடைக்கிற மாதிரி ஒன்றை ஏன் நகர்த்தினார் என்று ஒருவர் கூடவே சொல்லிக்கொண்டு வந்தால்தான் பார்ப்பவனுக்கு ருசிக்கும். இல்லாவிட்டால் இரண்டு பேர் உட்கார்ந்து எதையோ சுண்டுகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். டிவி வந்தால் பணம் வரும் என்று நினைக்கிறோம். கிரிக்கெட்டுக்கு அப்படித்தான். சின்ன விளையாட்டுக்குப் பெரும்பாலும் தலைகீழ்: நேரத்தை நாம் விலைக்கு வாங்க வேண்டும், கேமரா, லைட், ஆட்கள் செலவும் நம் தலையில். அந்தப் பணத்தில் மாவட்டம் மாவட்டமாகப் போட்டி நடத்தலாம், பிள்ளைகளுக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம். மூன்று முறை உலகச் சாம்பியனான பீகாரின் ரஷ்மி குமாரியை எடுத்துக்கொள்ளுங்கள், அவரைத் தாங்கி நிறுத்தியது ஓஎன்ஜிசி வேலை. பெட்ரோலிய நிறுவனங்கள் கேரம் அணி வைத்துக்கொண்டு வேலையும் கொடுத்து ஆடவும் அனுப்பின. ஒன்றாம் தேதி சம்பளம் வந்தால் ஒருவர் இருபது வருடம் ஆடுவார். டிவியில் ஒரு நாள் முகம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் விசாரிப்பார்.

கே: கபடியைப் பாருங்கள். 2014-க்கு முன்னால் யார் மதித்தார்கள்? டிவி வந்தது, கோடியில் ஏலம் போகிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— ஒட்டன்சத்திரம் வாசகர்

ப: இதற்குத் தலையாட்டத்தான் வேண்டும். புரோ கபடி லீக்கின் முதல் சீசன் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம். நாலே வருடத்தில், 2018-ல், மோனு கோயத் ஒன்றரைக் கோடியைத் தாண்டினார். 2022-ல் நம்ம தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்து, அவர் முதல் ஆட்டத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அந்தச் சோகத்தைக் கிளற வேண்டாம்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா, புரோ கபடியை டிவி "காட்ட" வரவில்லை. அந்த லீக்கை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பங்கையே ஸ்டார் டிவி வாங்கிவிட்டது. கடை அவர்களுடையது, சரக்கு அவர்களுடையது, கடை வாசல் போர்டும் அவர்களுடையது, அப்புறம் கூவி விற்காமல் என்ன செய்வார்கள்? விற்பதற்கு ஏற்ற மாதிரி ஆட்டமும் மாறியது. ரெய்டு முப்பது வினாடி. இரண்டு ரெய்டு சும்மா வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். பிடிக்கிற அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி. சோம்பேறித்தனமாக நேரம் கடத்த வழியே இல்லை. எனக்கு இந்த மாற்றம் எல்லாம் பிடிக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும், "பாட்டுப் பாடி மூச்சுப் பிடிக்கறது போச்சு, இதுல என்னப்பா சடுகுடு" என்று இன்னமும் சேனலை மாற்றிவிடுகிறார்.

டிவி வளர்த்தது ஆண்கள் கபடியை. பெண்களுக்கு 2016-ல் மூன்று அணிகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது, அது அதோடு நின்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய மகளிர் அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. அவர் வளர்ந்தது எந்த டிவியைப் பார்த்து? கண்ணகி நகர் மைதானத்தில் பயிற்சி கொடுத்தவரைக் கேளுங்கள்.

இன்னொன்று. கபடி ஒன்று ஓடியதும் ஆளாளுக்கு லீக் தொடங்கினார்கள். 2019-ல் வாலிபாலுக்கு ஒன்று வந்தது, சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையே வாங்கியது, அடுத்த வருடம் சம்மேளனத்துக்கும் நடத்தியவர்களுக்கும் ஒத்துவராமல் லீக்கே இல்லை. ஹாக்கி லீக் 2017-ல் நின்று 2024 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. ஏழு வருடம். பத்தொன்பது வயசில் ஆட வந்த பையனுக்கு ஏழு வருடம் என்றால் என்ன என்று யோசியுங்கள்.

கே: இங்கே இங்கிலாந்தில் டார்ட்ஸ், ஸ்னூக்கர் எல்லாம் டிவியால்தான் பிழைத்தன. பப்பில் பீர் குடித்துக்கொண்டு எறிகிற அம்பை நாடே உட்கார்ந்து பார்க்கிறது. கேரமுக்கு என்ன குறைச்சல்?
— லண்டனில் இருந்து ஒரு வாசகி

ப: ஒரு குறைச்சலும் இல்லை, நீங்கள் சொல்கிற இரண்டும்தான் கேரமுக்கு நெருங்கிய சொந்தம். ஸ்னூக்கருக்கு அதிர்ஷ்டம் அடித்தது கலர் டிவியால். 1967-ல் பிபிசியின் இரண்டாவது சேனல் கலருக்கு மாறியது, கலரைக் காட்டுவதற்குத் தோதாக மலிவாக ஏதாவது வேண்டும், பச்சைத் துணிமேல் ஏழெட்டு நிறப் பந்து உருளும் ஆட்டத்தைவிட வேறென்ன கிடைக்கும்? 1969-ல் வாரம் ஒரு சின்ன நிகழ்ச்சியாகத் தொடங்கினார்கள். 1985 உலக இறுதி ஆட்டத்தில் டென்னிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டு ஸ்டீவ் டேவிஸை ஜெயித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, அப்போதும் 1 கோடியே 85 லட்சம் பேர் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டார்ட்ஸ் கதையை மட்டும் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1978-ல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கி, எண்பதுகளின் முதல் பாதியில் சேனல் திருப்பினால் டார்ட்ஸ். மேடையிலேயே பீரும் சிகரெட்டும், பெரிய தொப்பையோடு ஹீரோக்கள். அப்புறம் அதுவே சேனல்காரர்களுக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு போட்டியாகக் கழற்றிவிட்டார்கள். 1989 வாக்கில் டிவியில் மிச்சம் இருந்தது உலகச் சாம்பியன்ஷிப் ஒன்றுதான். டிவியை நம்பி வேலையை விட்டுவிட்டு எறியப் போனவர்கள் தெருவில் நின்றார்கள். ஆட்டம் என்னவோ சாகவில்லை, பப்பில் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது, செத்தது பிழைப்பு. முன்னணி ஆட்டக்காரர்களே 1992-ல் பழைய அமைப்போடு முறித்துக்கொண்டு தனி அமைப்பு தொடங்கி, ஸ்கை சேனலோடு கைகோத்து, முப்பது வருடம் மெனக்கெட்டார்கள். அதற்குப் பிறகுதான் லூக் லிட்லர் என்ற பதினாறு வயசுப் பையன் 2024 ஜனவரியில் இறுதி ஆட்டம் ஆடியதை நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தது.

இதில் நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: அந்த இரண்டுக்கும் டிவி வருவதற்கு முன்னாலேயே கிளப்பும் பப்பும் ஊர் ஊராக நடக்கும் லீக்கும் இருந்தன. சேனல் கைவிட்டபோது திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. இங்கே அந்தக் கிளப்பைத்தான் மூடிக்கொண்டிருக்கிறோம். அப்புறம், நீங்கள் அங்கே கேரம் போர்டு வைத்திருக்கிறீர்களா? லண்டன் குளிரில் பலகை வளையும் என்று ஒரு உறவினர் புலம்பினார், உண்மைதானா என்று எழுதவும்.

கே: ஜல்லிக்கட்டுக்கு மட்டும் எல்லா சேனலும் ஓடுகிறதே?
— பாலமேடு வாசகர்

ப: பொங்கலோடு மூன்று நாள். அவனியாபுரம், உங்கள் பாலமேடு, அலங்காநல்லூர். காலையில் இருந்து மாலை வரை நேரலை, அதுவும் வர்ணனையாளர் உலகத்தரம்: "மாட்டைத் தொட்டுப் பார், அண்டா உனக்கு, பீரோ உனக்கு" என்று அவர் மைக்கில் கத்துவதற்காகவே நான் பார்ப்பேன். டிவி வந்த பிறகு அண்டாவும் சைக்கிளும் காராகவும் தங்கக்காசாகவும் வளர்ந்திருக்கின்றன. சரி, மற்ற 362 நாள்? காளைக்குத் தீவனம் போட்டது எந்த சேனல் என்று நீங்களே சொல்லுங்கள். மாடு வளர்ப்பவருக்கு அது கௌரவம், வம்சம், பிடிவாதம். அதனால் அந்த ஆட்டம் டிவி இல்லாமலும் நடந்தது, இருந்தாலும் நடக்கிறது.

கே: செஸ்?
— பெயர் எழுதாத போஸ்ட்கார்டு

ப: சுருக்கமாகக் கேட்டதற்கு நன்றி. 2024 டிசம்பரில் பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதை நீங்கள் எதில் பார்த்தீர்கள்? நான் செல்போனில், சமையலறையில் நின்றுகொண்டு. பால் பொங்கிவிட்டது.

கே: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கேரமில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். "டிவியிலேயே வராத விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு அலைச்சல், பேசாமல் டென்னிஸில் சேர்" என்கிறார் என் நாத்தனார். தொடரலாமா, விடலாமா?
— பெரம்பூரில் இருந்து ஒரு தாய்

ப: அம்மா, டென்னிஸ் ராக்கெட் ஒன்றின் விலையை நாத்தனாரிடம் முதலில் கேளுங்கள், பேச்சு பாதியில் நின்றுவிடும்.

தொடரட்டும். மூன்று விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீட்டில் பொம்மைக் கடை போர்டு வைத்திருந்தால் தூக்கி மேலே போட்டுவிடுங்கள், போட்டியில் வருகிற தரமான பலகையில், தலைக்கு மேலே விளக்கோடு, தினம் ஆட ஓர் இடம் வேண்டும். பெரம்பூரில் இருந்துகொண்டு அது கிடைக்காது என்றால் வேறெங்கும் கிடைக்காது. நாற்காலியில் இருந்து எழாமல், முழங்கை எல்லை தாண்டாமல் ஆடும் பழக்கம் இப்போதே வர வேண்டும், வீட்டில் பாதி எழுந்து நின்று அடித்துப் பழகியவர்கள் போட்டியில் அபராதம் கொடுத்தே தோற்கிறார்கள். இரண்டு, மாநில அணிக்குத் தேர்வு எப்போது, எங்கே என்று மாவட்டச் சங்கத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள், அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் கொண்டுபோகும் வெறும் பரிசுச் சான்றிதழை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேசிய அளவில் மாநிலத்துக்காக ஆடியதற்கு ஒரு படிவம், தேசிய பள்ளி விளையாட்டுக்கு ஒரு படிவம், பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒரு படிவம் என்று தனித்தனியாக உண்டு, உரியவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். போட்டி முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பழைய பதிவேடு எங்கே என்று கேட்டால் பீரோ சாவி யாரிடமோ இருக்கும். கோப்பைகளை ஷோகேஸில் வையுங்கள், காகிதத்தை ரேஷன் கார்டோடு வையுங்கள்.

நாத்தனார் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது பேச்சு கொடுக்காமல் போர்டை எடுத்துப் போடுங்கள். வீட்டுக் கணக்கே இருக்கட்டும், கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது. முதல் பிரேக் மட்டும் உங்கள் மகளுக்கு.